கூடுதலாக ஒரு சுற்று

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சௌக்கியம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மாவின் கண் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்துவிட்டார்களா?

மலைக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது. வேலை சுலபம், நடைதான் ஆளைக் கொல்கிறது. சர்வேயர் காட்டுக்குள் நேராக ஒரு கோடு போடுவார். அந்தக் கோட்டில் வருகிற மரங்களின் சுற்றளவை அளந்து, நம்பர் அடித்துக்கொண்டே போக வேண்டும். பொழுது சாயும்போது எங்கே நிற்கிறோமோ அங்கேயே படுக்கை. தரையெல்லாம் ஈரம், ஈரம் இல்லாத இடத்தில் அட்டை. அதனால் இரண்டு மரங்களுக்கு நடுவே துணியைக் கட்டித் தொங்கிக்கொண்டு தூங்குகிறோம். இங்கே அதற்குத் தூளி என்று பெயர். முப்பத்தெட்டு வயதில் தூளியில் படுக்கிறேன், அம்மாவிடம் சொல், சிரிக்கட்டும்.

சர்வேயர் நல்ல மனிதர், ஆனால் ஒரு சட்டம் வைத்திருக்கிறார். அவனவன் தூளியை அவனவனே தூக்கி, அவனவனே கட்டி, அவனவனே அவிழ்க்க வேண்டும். "கட்டத் தெரியாதவனுக்குக் கீழே நிறைய வேலை இருக்கு" என்பார். போன மாதம் ஒருவரை அப்படித்தான் ஜீப்பில் ஏற்றி அனுப்பினாராம்.

எனக்குக் கொடுத்த கயிறு பழைய நூல் கயிறு. நனைந்தால் கன்றுக்குட்டி கனம் கனக்கிறது. முடிச்சு ஊறிக் கல்லாகிவிடுகிறது. காலையில் எல்லாரும் மூட்டையோடு கிளம்பி நிற்கிறார்கள், நான் மட்டும் மரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். கனம் இல்லாத கயிறாக ஒன்று சொல். கட்டவும் அவிழ்க்கவும் அதிகம் மெனக்கெட வேண்டாத முடிச்சாகவும் ஒன்று சொல். இருபது வருஷமாகக் கயிறு பட்டறையில் நிற்கிறாய், உன்னை விட்டால் யாரைக் கேட்பேன்?

பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஜீப் வரும், அதில்தான் அரிசியும் தபாலும். போன் சிக்னல் எல்லாம் கேள்விப்பட்டதோடு சரி.

அம்மாவுக்கு என் அன்பு.

உன் தம்பி

ஜனவரி 30

தம்பிக்கு,

நாங்கள் இருக்கிறோம். அம்மாவுக்கு ஆபரேஷன் மார்ச்சில். என் காலுக்கு ஒன்றும் தேதி கொடுக்கவில்லை, அது பாட்டுக்கு வலிக்கிறது.

கேட்டதற்குப் பதில் சொல்கிறேன், கவனமாகப் படி. நூல் கயிற்றைத் தூக்கிப் போடு. நைலான் கனம் குறைவுதான், ஆனால் நனைந்தால் நீளும். இடுப்பு உயரத்தில் படுத்து விடியும்போது தரையில் கிடப்பாய். மரத்தைச் சுற்ற பாலியஸ்டர் நாடா, இரண்டு விரல் அகலம். அது நீளாது, பட்டையையும் அறுக்காது. மரத்துக்கும் துணிக்கும் நடுவே வருகிற கயிறுதான் முக்கியம். எங்கள் பட்டறையில் இப்போது புதிதாக ஒரு வெள்ளைக் கயிறு பின்னுகிறோம். உள்ளே குழாய் மாதிரி வெறும் கூடு, தொட்டால் மெழுகு தடவியது மாதிரி வழவழவென்று இருக்கும். பென்சில் கனம்கூட இல்லை, ஒரு எருமையைத் தொங்கவிடலாம். தண்ணீரும் குடிக்காது.

விறைப்பாக இழுத்துக் கட்டாதே, தொய்வாகக் கட்டு. கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் விரித்தால் ஒரு சரிவு வரும் இல்லையா, கயிறு அந்தச் சரிவில் இறங்க வேண்டும். எவ்வளவு விறைப்போ அவ்வளவு பாரம் முடிச்சின் மேல்.

முடிச்சுக்குக் கண்ணி முடிச்சே போதும், இறுகிப்போகாது, எவ்வளவு பாரம் ஏறினாலும் அவிழும். ஒரு முழக் கயிற்றில் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். நீ எங்கள் பட்டறையில் சேர்ந்த புதிதில் உனக்குச் சொல்லிக்கொடுத்தது மாதிரிதான். பார், அவிழ், அதே கயிற்றில் நீ கட்டித் திருப்பி அனுப்பு. நான் பார்த்துச் சொல்கிறேன்.

முக்கியமான விஷயம். கடைசியில் கூடுதலாக ஒரு சுற்று போடுகிற உன் கெட்ட பழக்கம் இங்கே வேண்டாம். கயிறு வீண், அவிழ்ப்பதற்குள் பொழுது விடியும். பட்டறையே உன்னை எக்ஸ்ட்ரா என்று கூப்பிட்டும் உனக்கு உறைக்கவில்லை.

கை எப்படி இருக்கிறது? மெஷினில் மாட்டி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. நீ இங்கே இருந்தவரை சரியாகிவிட்டது, சரியாகிவிட்டது என்றே சொல்லிக்கொண்டிருந்தாய். இப்போது உண்மையாக எழுது.

அக்கா

பிப்ரவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். கடிதம் ஒரு ஜீப் தவறி வந்தது. உன் காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு, நின்றுகொண்டே கொடுக்காதே.

முடிச்சைத் திருப்பி வைத்திருக்கிறேன். பார்த்து மார்க் போடு.

எங்கள் சமையல்காரரைப் பற்றி எழுதியிருக்கிறேனா? எல்லாரும் அவரை விசில் என்று கூப்பிடுகிறோம். குக்கர் மாதிரி கொஞ்ச நேரம் சும்மா இருப்பார், பிறகு ஒரேயடியாகக் கத்துவார். முன்னே படகில் வேலை பார்த்தவராம். என் தூளிக்குப் பக்கத்தில்தான் அவர் தூளி. நல்ல துணை.

மழை ஓயவில்லை. ஒரு நாளைக்கு நூற்று நாற்பது மரம். மரத்தைப் பார்த்தாலே நம்பர் தெரிகிறது எனக்கு. அந்த வெள்ளைக் கயிறு ஒரு ஜோடிக்கு ஆகிற மாதிரி அனுப்பு, நாடாவும் அனுப்பு.

அம்மாவைக் கவலைப்படாமல் இருக்கச் சொல்.

உன் தம்பி

மார்ச் 8

தம்பிக்கு,

அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முதல் முதலாகப் பார்த்தது என்னைத்தான். "ஏன்டி இப்படிக் கிழவியாயிட்ட?" என்றாள். கண் வந்துவிட்டது என்று டாக்டருக்கு வேறு அத்தாட்சி தேவைப்படவில்லை.

உன் முடிச்சு வந்தது. நூற்றுக்கு நூறு. நிஜமாகவே சொல்கிறேன், இவ்வளவு சுத்தமாக நீ கட்டி நான் பார்த்ததில்லை. வால் ஒரு விரல் நீளம், மடிப்பு எல்லாம் பக்கம் பக்கமாகப் படுத்திருக்கிறது, கூடுதல் சுற்று இல்லவே இல்லை. என் பேச்சைக் கேட்டுவிட்டாயே என்று அம்மாவிடம் காட்டினேன். "அவனா கட்டினான்?" என்று கேட்டாள். புதுக் கண் என்பதால் சந்தேகமும் புதிதாக வருகிறது என்று சொல்லிச் சிரித்தேன்.

வெள்ளைக் கயிறும் நாடாவும் பார்சலில் இருக்கிறது. கயிறு வழுக்கும், ஆனால் கண்ணி முடிச்சு போட்டு என் முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. மாதிரிக்கு ஒரு துண்டில் போட்டு வைத்திருக்கிறேன். அப்படியே கட்டு. கட்டி ஒரு துண்டை எனக்கு அனுப்பு, இந்தக் கயிறு உன் கையில் எப்படிப் படிகிறது என்று பார்க்க வேண்டும்.

நான் இப்போது பின்னல் பக்கம் நிற்பதில்லை. கேட்டு வாங்கி பேக்கிங்குக்குப் போய்விட்டேன். கால் வலிதான் காரணம் என்று முதலாளியிடம் சொன்னேன்.

கை எப்படி இருக்கிறது? போன தடவை கேட்டதற்கு ஒரு வார்த்தை எழுதவில்லை.

அக்கா

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவுக்குக் கண் வந்தது சந்தோஷம். புகையில் நிற்க வேண்டாம் என்று சொல்.

கயிறு வந்தது. கனமே தெரியவில்லை, மூட்டை பாதியாகிவிட்டது. மாதிரித் துண்டு உள்ளே வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். இறுக்கி இழுக்கத் தேவையில்லாத முடிச்சு ஏதாவது உண்டா? கண்ணி முடிச்சைக் கடைசியில் இரண்டு பக்கமும் இழுத்து உட்காரவைக்க வேண்டியிருக்கிறது இல்லையா, அது இல்லாமல். எனக்கில்லை. இங்கே ஒருவருக்குத் தோள் வலி. அவருக்காகக் கேட்கிறேன்.

ஜீப் கிளம்புகிறது.

உன் தம்பி

ஏப்ரல் 15

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ நலமில்லை.

உன் துண்டைப் பிரித்து மேஜை மேல் வைத்துப் பார்த்தேன். வாலின் நுனியில் பல் பதிந்திருக்கிறது. மேல் வரிசை நாலு, கீழ் வரிசை மூன்று. வாயால் கவ்விப் பிடித்து இடது கையால் இழுத்திருக்கிறாய். முடிச்சு இடம் வலமாக இருக்கிறது, கண்ணாடியில் பார்ப்பது மாதிரி. இழுப்பு போதாமல் நடுவே சுண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை. அதோடு, போடாதே என்று சொல்லியும் கடைசியில் கூடுதலாக ஒரு சுற்று. இதுதான் உன் முடிச்சு. இதைப் பார்த்த பிறகு பிப்ரவரியில் வந்ததை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். அது உன்னுடையது இல்லை. படகில் வேலை பார்த்தவர் கட்டியது. அம்மா சரியாகத்தான் கேட்டாள், நான்தான் முட்டாள் மாதிரி சிரித்தேன்.

தோள் வலிக்காரர் யார் என்று எனக்குத் தெரியாதா? எழுத்து மாறாமல் இருக்கிறதே என்று இத்தனை நாள் ஏமாந்தேன். பேனா பிடிக்க மூன்று விரல் போதும். கயிறு இழுக்க ஐந்தும் வேண்டும்.

உன் தூளியை இத்தனை மாதமாகக் கட்டுகிறவர் விசில்தானே? உங்கள் சர்வேயருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று நீயே முதல் கடிதத்தில் எழுதினாய்.

கை எப்படி இருக்கிறது? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன்.

அக்கா

மே 3

தம்பிக்கு,

பதில் இல்லை. ஜீப் ஒருமுறையாவது வந்திருக்கும். கோபமாக எழுதிவிட்டேனோ என்று இருக்கிறது. கோபம் உன் மேல் இல்லை.

அம்மா தினமும் தபால்காரர் முகத்தைப் பார்க்கிறாள். புதுக் கண்ணால் அதைத்தான் பார்க்கிறாள். எனக்கு வேலை விட்டு வந்தால் உட்காரவும் தெம்பில்லை, படுத்தால் தூக்கமும் இல்லை. ஒரு வரி போடு. நலம் என்று பொய் எழுதினாலும் பரவாயில்லை.

அக்கா

மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இரண்டு கடிதமும் சேர்ந்து வந்தது. உன் உடம்பையும் அம்மாவையும் பார்த்துக்கொள். நான் உயிரோடு இருக்கிறேன், முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்குவதில்லை. நடு விரல் மடங்கும், பிடி கிடையாது. ஆஸ்பத்திரியை விட்டு வந்த அன்று எப்படி இருந்ததோ அப்படியே. சரியாகிவிட்டது என்று உன்னிடம் சொன்னது பொய். அம்மாவிடம் சொன்னதும் பொய். தினமும் சாப்பிடும்போது நீ என் கையைப் பார்ப்பாய், பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வாய். அதைப் பார்க்க முடியாமல்தான் இந்த வேலைக்கு வந்தேன். டேப்பைப் பிடித்து அளக்கவும் நம்பர் எழுதவும் மூன்று விரல் தாங்கும் என்று நினைத்தேன், தாங்கியது. தூளியை யார் நினைத்தார்கள்?

விசில்தான் கட்டினார். சர்வேயர் முதுகைத் திருப்பும்போது இரண்டு நிமிஷத்தில் கட்டிவிட்டுப் போய் அடுப்பைப் பார்ப்பார். வெள்ளைக் கயிற்றையும் நீ அனுப்பிய மாதிரியைப் பார்த்து அப்படியே கட்டினார். நாலு நாள் நின்றது. ஐந்தாம் நாள் மதியம் மழைக்கு எல்லாரும் ஒதுங்கிப் படுத்திருந்தோம். திரும்பிப் படுத்தேன், தலைமாட்டுப் பக்கம் முடிச்சு உருவிக்கொண்டது. வேரின் மேல் விழுந்தேன். ஒரு விலா எலும்பில் விரிசல். இப்போது பரவாயில்லை, சிரித்தால்தான் வலிக்கிறது, அதற்கு இங்கே வாய்ப்பு குறைவு.

உன்னைக் குறை சொல்லவில்லை. நீ இழுத்துப் பார்த்திருக்கிறாய், ஆனால் யாரும் அதில் நாலு நாள் புரண்டு படுத்துப் பார்க்கவில்லை. வழுக்குகிற கயிறு ஆட ஆட மெல்ல மெல்ல ஊர்ந்துவிடுகிறது. அதற்குக் கூடுதலாக ஒரு சுற்று வேண்டும், அக்கா. இதைத் திமிராகச் சொல்லவில்லை.

விழுந்ததும் விசில் உண்மையைச் சொல்லிவிட்டார். சர்வேயர் கத்தவில்லை. என் கையைப் பிடித்து விரல் விரலாக மடக்கிப் பார்த்தார். "ஜூன் கடைசி ஜீப் வரைக்கும் டைம். நீங்களே கட்டி, நீங்களே படுத்துக் காட்டுங்க. இல்லேன்னா அதே ஜீப்ல கீழே போயிடலாம்" என்றார். அதுவரை சாமான் கூடாரத்தில் மூட்டைகளுக்கு நடுவே படுக்கிறேன். கீழே வந்தால் என்ன வேலைக்குப் போவேன் என்று எனக்குத் தெரியவில்லை. பட்டறைக்குத் திரும்ப முடியாது. உன் எதிரே தினமும் உட்கார்ந்து சாப்பிடவும் முடியாது.

உன் தம்பி

ஜூன் 9

தம்பிக்கு,

விலாவைச் சுற்றி இறுக்கிக் கட்டாதே, மூச்சு விடுவது சிரமமாகும். அம்மாவிடம் விழுந்ததைச் சொல்லவில்லை, தடுக்கிவிட்டது என்றேன். "எதுலேர்ந்து தடுக்கினான்?" என்றாள். அவளை ஏமாற்றும் காலம் முடிந்துவிட்டது.

முடிச்சு வேண்டாம். இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கயிறு உள்ளே கூடாக இருக்கிறது என்றேனே, அதன் வாலை அதன் வயிற்றுக்குள்ளேயே செலுத்தி வெளியே எடுத்தால் ஒரு கண்ணி வரும். பாரம் ஏற ஏற வெளிப்பின்னல் சுருங்கி உள்ளே இருக்கிற வாலைக் கவ்விக்கொள்ளும். பாரம் இல்லாதபோது பின்னலை வாலின் மேல் நகர்த்தித் தள்ளினால் கண்ணி பெரிதாகும், வாலை இழுத்தால் சிறிதாகும். இரண்டு விரல் போதும், எந்தக் கை என்றாலும் சரி. சாப்பாட்டு வேளையில், வாலை உள்ளே நுழைக்கிற குழல் ஊசியை வைத்துக்கொண்டு ஒன்பது நாள் உட்கார்ந்து இரண்டு செய்திருக்கிறேன். மூன்று பிசகி எறிந்தேன். எங்கள் பேக்கிங் ஆட்கள் இருவரைத் துணியில் உட்காரவைத்து ஆட்டினேன், ஒரு வாரம் தினமும். ஒரு நூல்கூட ஊரவில்லை.

நாடாவின் இரண்டு நுனியிலும் கண்ணி தைத்திருக்கிறேன். மரத்தைச் சுற்றி ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியை நுழைத்து இழு. வெளியே வருகிற நாடாவைக் கொஞ்சம் பிடித்து ஒரு வளையமாகத் திருப்பி, நடுவே கட்டைவிரல் தடிமனுக்கு ஒரு குச்சியைச் சொருகு. கயிற்றின் கண்ணியைக் குச்சியைத் தாண்டி நாடாவின் மேல் போடு. குச்சியின் மேல் பாரம் விழக்கூடாது, நாடாவின் மேல்தான் விழ வேண்டும். அவிழ்க்கக் குச்சியை உருவினால் ஆயிற்று. பல்லுக்கு வேலை இல்லை.

இதைச் செய்யும்போதெல்லாம் ஒன்றை நினைத்துக்கொண்டிருந்தேன். நாம் இருவரும் பேசாத விஷயம். உருளையில் நீ கயிற்றைச் சுற்றிவிட்டுச் சரி என்று சொல்ல வேண்டும், சொன்ன பிறகு நான் சுவிட்சைப் போட வேண்டும். அதுதானே பட்டறை வழக்கம். நீ சரி என்று சொன்னதாகத்தான் எனக்கு ஞாபகம். ஆனால் கை உள்ளே இருக்கும்போது யாராவது சரி என்று சொல்வார்களா? அதனால் நீ சொல்லவில்லை, எனக்குத்தான் அவசரம், அன்றைக்குச் சீக்கிரம் வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, சொன்ன மாதிரி நானே நினைத்துக்கொண்டேன் என்று முடிவு பண்ணிவிட்டேன். கால் வலி என்று பேக்கிங்குக்குப் போகவில்லை. அந்தச் சுவிட்சைத் தொட எனக்குக் கை வரவில்லை. உன் கையைக் கெடுத்தவள் நான். இதைச் சொல்லாமல் அந்தக் கயிற்றை அனுப்பினால் லஞ்சம் மாதிரி இருக்கும்.

கட்டிவிட்டு எழுது. முதலில் தரையிலிருந்து ஒரு ஜாண் உயரத்தில் கட்டிப் படுத்துப் பார்.

அக்கா

ஜூன் 27

அன்புள்ள அக்காவுக்கு,

உனக்கும் அம்மாவுக்கும் உடம்பு எப்படி இருக்கிறது? என் விலா கூடிவிட்டது.

கட்டினேன். சர்வேயர் வாட்சைப் பார்த்துக்கொண்டு நின்றார், விசில் என்னைவிட அதிகமாக வியர்த்துக்கொண்டு நின்றார். இடது கையால் நாடாவைச் சுற்றினேன், குச்சியைச் சொருகினேன், கண்ணியை மாட்டினேன், இரண்டு விரலால் நீளத்தைச் சரி பண்ணினேன். நாலு நிமிஷம். "முடிச்சு எங்கே?" என்று கேட்டார். "இல்லை சார்" என்றேன். நம்பாமல் என்னை எழுப்பிவிட்டு அவரே படுத்தார். புரண்டார், குதித்தார், பிறகு கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே கிடந்தார். அவரும் களைத்துப்போயிருந்தார் போலிருக்கிறது. இறங்கி, "இந்த மாதிரி எனக்கு ஒண்ணு கிடைக்குமா?" என்றார். கோடு முடியும்வரை நான் இங்கேதான்.

இனி மற்றது. இதை எழுத மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

நான் சரி என்று சொன்னேன். உனக்கு இருப்பது சரியான ஞாபகம். சொன்ன பிறகு உருளையைப் பார்த்தேன், ஒரு சுற்று குறைவாக இருப்பது மாதிரி தோன்றியது. கூடுதலாக ஒன்று போட்டுவிடலாம் என்று கையை விட்டேன். அதற்குள் நீ போட்டுவிட்டாய், போட வேண்டியதுதானே, நான் சொல்லிவிட்டேனே.

ஆஸ்பத்திரியில் நீ அழுதபோது சொல்லியிருக்கலாம். எல்லாரும் பாவம், பாவம் என்றார்கள். உண்மையைச் சொன்னால், எக்ஸ்ட்ரா தன் புத்தியாலேயே கையை விட்டான் என்று பட்டறை முழுக்கச் சிரிக்கும் என்று பயமாக இருந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளினேன். தள்ளத் தள்ள வாய் வரவில்லை. சாப்பிடும்போது நீ முகத்தைத் திருப்பியது என் கையைப் பார்த்து இல்லை, உன்னையே நொந்துகொண்டு என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சும்மா இருந்தேன். ஓடி வந்ததும் அதனால்தான்.

மன்னிப்பு கேட்கத் தகுதி இல்லை. கேட்கிறேன்.

உன் தம்பி

ஜூலை 16

தம்பிக்கு,

அம்மா நலம். நான் கடிதம் வந்த அன்றிலிருந்து எட்டு நாள் நலமாக இல்லை.

இரண்டு வருஷம்டா. தினமும் பஸ்ஸில் உட்கார்ந்து அந்த ஒரு விநாடியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். சொன்னானா, சொல்லவில்லையா என்று. ஒரு வார்த்தையில் முடித்திருப்பாய். நீ எதிரே இருந்திருந்தால் கையில் கிடைத்ததை எறிந்திருப்பேன். ஒன்பதாம் நாள் காலை எழுந்தபோது கோபம் இருந்தது, ஆனால் கூடவே பசியும் இருந்தது. ரொம்ப நாள் கழித்து நன்றாகச் சாப்பிட்டேன்.

நேற்று முதலாளியிடம் போய்ப் பின்னல் பக்கம் திரும்பக் கேட்டேன். கால் வலி போய்விட்டதா என்றார். இல்லை, இருக்கிறது என்றேன். சாயங்காலம் உருளையில் புதுப் பெண் ஒருத்தி, அவள் சரி என்றாள். கையை மேலே தூக்கிக் காட்டு என்றேன். காட்டினாள். போட்டேன். இனி அங்கே இதுதான் வழக்கம், என் ஷிப்டில்.

உங்கள் சர்வேயருக்கு ஒரு ஜோடி செய்துகொண்டிருக்கிறேன், விசிலுக்கும் ஒன்று. கோடு முடிந்ததும் நேராக வீட்டுக்கு வா. என் எதிரே உட்கார்ந்து சாப்பிடு. கையை மேஜை மேல் வை, நான் நன்றாகப் பார்க்க வேண்டும்.

இதோடு அந்த வெள்ளைக் கயிற்றில் ஒரு முழத் துண்டு இருக்கிறது. நான் கட்டியதுதான், எண்ணிப் பார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூடுதலாக ஒரு சுற்று போட்டிருக்கிறேன். வாரம் பூராவும் ஜன்னல் கம்பியில் மாட்டி ஆட்டிப் பார்த்தேன், ஊரவில்லை.

கை எப்படி இருக்கிறது? இந்தத் தடவை கேட்டவுடனே பதில் எழுது.

அக்கா